பல்லுக்குப் பல் பார்த்து…

கம்பைநல்லூரில் எங்கள் வீட்டருகே ஒரு மண்திடல் உண்டு. அங்கே ரிமோட் கார் ஓட்டிய என் மகன், "இன்னும் வேகம் வேண்டும், அத்தா!" என்றான்.

மோட்டார் தண்டில் 15 பற்கள் கொண்ட சிறு சக்கரம். அதோடு இணையும் பெரிய சக்கரத்தில் 75 பற்கள். மோட்டார் 5 முறை சுழன்றால் பெரியது ஒருமுறை சுழலும். நானோ மோட்டாரைச் சற்றே நகர்த்தி, 25 பற்சக்கரத்தைப் பொருத்தினேன். இப்போது 3 சுற்றே போதும். வேகம் கூடியது, இழுவிசை குறைந்தது. மணலில் திணறிய மோட்டார் மின்சாரத்தை மிகுதியாய் உறிஞ்சி, சூடேறிக் கருகிற்று.

மகன் கண்கலங்கினான். "மட்டமான மோட்டார்" எனத் தப்பித்திருக்கலாம். "பிழை என்னுடையது" என்றேன்.

நீங்களும் வாங்குகையில் கவனியுங்கள். ஒரே வகை மோட்டார்களில், கம்பிச் சுற்று குறைந்தது வேகமானது. மின்சாரமும் அதிகம் கேட்கும். மண்தரைக்குச் சுற்று மிகுந்ததே ஏற்றது. சிறிய பற்சக்கரத்தில் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் ஓட்டியபின் மோட்டாருக்கருகே விரலைக் கொண்டு செல்லுங்கள். அனல் அடிக்கவில்லையெனில் ஒரு பல் கூட்டலாம். அடித்தால் ஒன்றிரண்டு குறையுங்கள்.

இப்போது எங்கள் கார் சற்று மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆனால், மாலை முழுதும் ஓடுகிறது. தந்தையின் தவற்றை அறிந்த மகன், தன் தவறுகளையும் என்னிடம் மறைப்பதில்லை.