பேரிக்'காய்' என்று ஏன் பேர்?

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மல்லிகை வாசனையை எதிர்பார்க்காதீர்கள். மூக்கில் ஏறுவது டீசல்தான்! பூவிருந்தவல்லி என்பது பழைய பேர். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். பூப்பறித்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டு போவாராம். மல்லிகையை மொட்டாகவே பறித்துவிட வேண்டும். செடியிலேயே மலர விட்டால் சரம் தொடுப்பதற்குள் வாடிவிடும்.

இதே ரகம்தான் பேரிக்காயும். ஆடி, ஆவணியில் கொடைக்கானல் சரக்கு கோயம்பேடு வழியாக இங்கே தள்ளுவண்டிக்கு வந்துவிடுகிறது.

"பழமாப் பார்த்துக் கொடும்மா" என்றேன்.

"பேரே காய்தான், பழத்துக்கு நான் எங்க சார் போவேன்?" என்றார் வண்டிக்கார அம்மா. பிறகு ஒன்றை நறுக்கிக் காட்டினார். மேலே பச்சைப் பசேல். நடுவில் விதையைச் சுற்றிப் பழுப்பு. "பெட்டிக்குப் பத்து இப்படிப் போனா என் கூலி போச்சு. வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது சார்."

தெரியாதுதான். இந்த மலைப் பேரி உள்ளிருந்து வெளியே பழுக்கும். மரத்திலேயே பழுக்க விட்டால், தோல் கனிவதற்குள் நடுப்பகுதி குழைந்துவிடும். சதையும் மணல் மணலாகும். அதற்காகப் பிஞ்சிலேயே பறித்தாலும் வம்பு. சர்க்கரை ஏறியிருக்காது, வைக்க வைக்கத் தோல் சுருங்கும், இனிக்காது. முற்றியிருக்க வேண்டும், பழுத்திருக்கக் கூடாது!

தோட்டத்தில் இதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. தொங்கும் காயைக் கையில் ஏந்திப் படுக்கைவாட்டில் தூக்க வேண்டும். காம்பு சுலபமாகக் கழன்றால் சரி; முரண்டு பிடித்தால் விட்டுவிட வேண்டும். அப்படிச் சரியான நாளில் பறித்த காயை 0 டிகிரியை ஒட்டிய குளிரில் வைத்தால், ரகத்தைப் பொறுத்து மாதக்கணக்கில் தாங்கும். நாள் தவறிப் பறித்ததை எந்தக் குளிர்பதனக் கிடங்கும் காப்பாற்றாது.

சிக்கல் என்னவென்றால், ஒரு மரத்துக் காய் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. லாரி வாடகைக்குப் பயந்து மொத்தமாகப் பறித்தால், பிஞ்சும் முற்றலும் ஒரே பெட்டியில் சம்பந்தி ஆகிவிடும். மலையில் மிச்சம் பிடித்த கூலி, பூந்தமல்லி வண்டியில் நஷ்டமாக இறங்குகிறது.

(நுரைவலைச் சட்டை போட்டு வரும் சீனப் பேரி வேறு ஜாதி. அது மரத்திலேயே பழுக்கும். கடைசி வரை மொறுமொறுதான்.)

வீட்டுக்கு வாங்கிப் போனால் அரிசிப் பானையில், ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வையுங்கள். தினம் காம்படியில் மெல்ல அமுக்கிப் பாருங்கள். கழுத்து மெத்தென்றால் அன்றைக்கே தின்றுவிடுங்கள். வயிறும் மெத்தென்றாகிவிட்டதா? உள்ளே கறுக்க ஆரம்பித்திருக்கும்!