அரிதாரம் பூசாத பாஞ்சாலிகள்

கள்ளக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர்களுக்குக் கூத்து புதிதில்லை. திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் கோடை இரவுகளில் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் முன்னால் இடம் பிடிப்போம். துகிலுரியும் கட்டத்தில் ஊர்ப் பெண்கள் விம்மி அழுவார்கள். சிலருக்கு அருள் வந்துவிடும். ஆனால் சபை நடுவே நின்று நியாயம் கேட்ட பாஞ்சாலி, மீசை மழித்த ஓர் ஆண். பெண்ணின் துயரத்தைச் சொல்லக்கூடப் பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

அதை எங்கள் ஊரில் தெரு நாடகங்களால் மாற்றியது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். 1991இல் புதுக்கோட்டையில் பெண்களைச் சைக்கிளில் ஏற்றிய அதே இயக்கம்தான். தொண்ணூறுகளில் எங்கள் பக்கமும் அந்தக் காற்று வீசியது. 1993இல் தென்னாற்காடு பிரிந்து நாங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் ஆன காலம் அது. பறை முழங்கும், தெருமுனையில் சனம் வட்டமாகக் கூடும். நடுவில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பெண்பிள்ளைகள், தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிதாரம் இல்லாத முகத்தோடு நிற்பார்கள். திரை கிடையாது, மேடை கிடையாது. நாலு பேர் கைகோத்து நின்றால் கிணறு. அவர்களே வரிசை மாறினால் பேருந்து. “பொட்டப் புள்ளைங்க தெருவுல ஆடுதுங்க” என்று முனகிய பெரியவர்களும் கடைசிப் பாட்டுவரை நின்றார்கள்.

1979இல் டெல்லியில் ஜன நாட்டிய மஞ்ச் என்ற தெரு நாடகக் குழு ‘ஔரத்’ என்று பெண்களுக்காக ஒரு நாடகம் போட்டதையும், அந்தக் குழுவின் சப்தர் ஹஷ்மி 1989 புத்தாண்டு நாளில் வேறொரு நாடகத்தின் நடுவே தாக்கப்பட்டு மறுநாள் இறந்ததையும் எங்கள் கலைக்குழுவின் பயிற்சி முகாமில்தான் கேட்டோம். தெருவில் நிற்பதற்கு உயிரையே விலை கேட்பார்கள் என்பது அன்று எங்களை உலுக்கியது.

மலைக்குப் போன இரவை மறக்க முடியாது. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் வேறு உலகம். 1976வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை அது. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வரதட்சணை நாடகம் போட்டோம். ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் ஒரு பாட்டி எழுந்து, “எங்க மலையில மாப்பிள்ள ஊட்டுக்காரந்தான் பரியம் கட்டணும், அது தெரியாதா உங்களுக்கு? சாராயத்தப் பத்திப் போடுங்கடி” என்றார். பிள்ளைகள் திகைக்கவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலேயே உட்கார்ந்து அந்தப் பெண்களிடம் கதை கேட்டார்கள். ஊறல் போடும் அடுப்புக்கு விறகு சுமப்பது யார், குடித்துவிட்டு வருபவனிடம் அடி வாங்குவது யார், சாமை விற்ற காசு எங்கே போகிறது, எல்லாம் வந்தது. சற்று நேரத்தில் அதுவே நாடகம் ஆனது. சுவரோரம் நின்ற பெண்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார்கள். நான் பார்த்த நாடகங்களில் ஆகச் சிறந்தது, எழுதப்படாத அந்த நாடகம்தான்.

மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்ததை எங்கள் தெருப் பெண்கள் இந்த நாடகங்களில்தான் கேட்டார்கள். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றானபோது, கூட்டத்தின் முன் பேசக் கூச்சப்படாத பெண்கள் ஊருக்குச் சிலராவது இருந்தார்கள்.

அப்புறம் இயக்கம் ஓய்ந்தது. பிள்ளைகள் கல்யாணமாகி ஆளுக்கோர் ஊருக்குப் போனார்கள். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. இப்போதும் விழிப்புணர்வு நாடகம் நடக்கிறது. பேனர் கட்டி, வெளியூர்க் குழு வந்து, படம் எடுத்தவுடன் வண்டி கிளம்பிவிடுகிறது. அதில் பாட்டி எழுந்து பேச நேரம் ஏது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது அந்த மலைப் பாட்டியைத்தான் நினைத்தேன். நாடகம் போட்டிருந்தால் சாவு நின்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சாராயத்துக்குப் பின்னால் இருக்கும் பணமும் அதிகாரமும் பாட்டுக்கு மசிவதில்லை. ஆனால் கேள்வி கேட்கும் பெண்கள் கூடி நின்ற அந்த வட்டத்தை நாம் கலைய விட்டோம். அது பெரிய இழப்பு.

அந்தக் கலைக்குழுக்களில் ஆடிய அக்காமார் சங்கராபுரம், சின்னசேலம், கச்சிராயபாளையம் என்று இன்னும் அங்கங்கே இருக்கிறார்கள். எங்கள் பாட்டுகளில் பெரும்பாலானவை அச்சேறவில்லை. அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் போய்ப் பாருங்கள். பாடச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கிராமசபை நாளில் உங்கள் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு நாடகம் போட அவரையே அழையுங்கள்.