கருமாதி ராத்திரிப் பாட்டு

ஞாபகம் இருக்கும் உனக்கு. வாலாஜாவில் வயசாளி யாராவது போய்ச் சேர்ந்தால், கருமாதி ராத்திரி 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பார்கள். செய்யாறு பக்கமிருந்து ஜமா வந்து இறங்கும். பொழுது சாயும்போதே தெருவில் பாய் போட்டு இடம் பிடிக்கிற வேலை நம்முடையது. மேல்காத்து அடித்தால் ராணிப்பேட்டை தோல் ஷாப்பு வாடை வரும், சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையுமாக. யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள். சோறு போடுகிற வாடை அது.

கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கிறோம். அரிதாரம் குழைக்கிற எண்ணெய் மணம். கல்யாண முருங்கையில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும், அதில் பதித்த கண்ணாடிச் சில்லும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மினுக்குகின்றன. முகவீணை எழும்பினால் போதும், தெருவில் பேச்சு அடங்கிவிடும்.

நான் சொல்கிற பாட்டு நடுச்சாமத்துக்கு மேல்தான் வரும். யுத்தத்துக்குக் கிளம்பும் கர்ணனைப் பிறப்புத் தெரியாதவன் என்று மனைவி பொன்னுருவி ஏசுவாள். அத்தனை பெரிய வேஷம் நடுத்தெருவில் உடைந்து பாடும். தான் யார் பிள்ளை என்று அவன் சொன்னதும், போகாதே என்று அவள் காலைக் கட்டிக்கொள்வாள். அவன் அழுதுகொண்டேதான் போவான். ஆனால் போவான்.

அந்த இடத்தில்தான் மாமா துண்டை வாயில் வைத்துக்கொள்வார். ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை, வெடித்த கால். அத்தை செத்தபோதுகூடக் கல்லாக நின்றவர். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயா மட்டும் வெத்திலையை மடித்துக்கொண்டே, "அழுவட்டும் உட்றா, காத்தால ஷாப்புக்குப் போவணும் இல்ல" என்பாள்.

விடியும்போது அம்பு தைத்த மகனைக் குந்தி மடியில் போட்டுக்கொள்வாள். பெண்கள் பக்கமிருந்து ஒப்பாரி கிளம்பும். எது குந்தியின் அழுகை, எது செத்தவருக்கானது என்று பிரிக்க முடியாது. ஷாப்பு சங்கு ஊதும். மாமா முகம் கழுவி சைக்கிளை எடுப்பார்.

இதே ஊரில் வாழ்ந்த வெங்கடரமண பாகவதர் (1781–1874) தன் குரு தியாகராஜரின் கீர்த்தனைகளை எழுதிக் காத்தார். வாலாஜாபேட்டைச் சுவடிகள் என்று இசைக்காரர்கள் இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். கூத்து வாத்தியார்களின் பாட்டுக்கு அப்படி ஒரு கை வாய்க்கவில்லை. அச்சுப் புத்தகத்தில் கர்ணன் கதை கிடைக்கும். மாமாவை அழவைத்த குரல் அதில் ஏது?

மாமாவின் கருமாதிக்குப் போயிருந்தேன். வாசலில் பேனர், பந்தலில் நாற்காலி, ஸ்பீக்கரில் பதிவுப் பாட்டு. ராத்திரி பத்துக்கு அதையும் நிறுத்திவிட்டார்கள். அவர் மகன் வந்தவர்களிடமெல்லாம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டபடி நின்றான். கண் மட்டும் சிவந்திருந்தது. அவன் எங்கே போய் அழுவான்?

செய்யாறு பக்கம் புரிசையில் தம்பிரான் கூத்துப் பரம்பரையில் வந்தவர்கள் இன்னும் ஆடுகிறார்கள். உன் வீட்டுப் பெரியவர் யாராவது தனக்குக் கர்ண மோட்சம் வைக்கச் சொல்லிவிட்டுப் போனால், வை. விடியும் வரைக்கும் வை.