தாத்தா வாட்ச்: மூடியைத் திறந்து பாருங்க

வீட்டுல தாத்தா காலத்து தங்க பாக்கெட் வாட்ச் இருக்கா? அதை நம்பி செலவுக்குத் திட்டம் போடும் முன்னாடி, பின்மூடியோட உள்பக்கத்தை லென்ஸ் வச்சுப் பாருங்க.

பிரிட்டிஷ் வாட்ச்ல கிரீடமும் 18-ம் இருந்தா 18 காரட். நங்கூரம்னா பர்மிங்காம்ல சோதிச்ச தங்கம், சிறுத்தைத் தலைன்னா லண்டன். தனியா இருக்குற எழுத்து, முத்திரை குத்தின வருஷம். 15 காரட் முத்திரைன்னா 1854-க்கும் 1932-க்கும் இடையில வந்தது.

அமெரிக்க வாட்ச்ல '20 வருஷ கேரண்டி'ன்னு ஆங்கிலத்துல பொறிச்சிருந்தா அது முழுத் தங்கம் இல்லைங்க. சாதா உலோகத்து மேல மெல்லிய தங்கத் தகடு. அந்த 20 வருஷம், தகடு தேயாம இருக்குறதுக்கான கணக்கு.

என் வார்டுல ஒரு பெரியவர், பேத்தியோட காலேஜ் ஃபீஸுக்குன்னு அப்படி ஒண்ணைத்தான் வச்சிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சாவி குடுத்து, காதுல வச்சு, "ஓடுதே டாக்டர்"னார்.

உங்க வீட்டு வாட்ச்சை இன்னைக்கே பாருங்க. ஃபீஸ் கட்டுறதுக்கு முந்தின நாள் வேணாம்.