பழவேற்காடு: சம்பா அறுப்புக்கும் நவரை நடவுக்கும் நடுவே ஒருநாள்

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பியபோது, கப்பல் பயணம் பற்றி ஊரெல்லாம் பேச்சு. திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் குடும்பங்களுக்கு அத்தனை செலவு தேவையில்லை. கப்பல்கள் வந்து நின்ற பழைய துறைமுகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் ஏறி பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பேருந்தில் சுமார் 20 கிலோமீட்டர்தான் பழவேற்காடு.

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் நம்முடையது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீளமான மணல்திட்டாக ஸ்ரீஹரிகோட்டா. மழைக்காலத்தில் ஆரணி ஆறு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும். இரண்டும் கலந்தால்தான் இறால், நண்டு, மடவை எல்லாம். கடலில் பிறக்கும் இறால் குஞ்சு ஏரிக்குள் வந்துதான் வளர்கிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் குஞ்சு உள்ளே வராது. மதகு அடைபட்ட ஏரிப் பாசனக்காரரின் கவலை எதுவோ, அதுவேதான் இங்குள்ள மீனவரின் கவலையும்.

இன்னொன்றும் விவசாயிகளுக்குச் சட்டென்று புரியும். ஏரியில் சுத்து வலை கட்டும் இடங்களைக் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு. அதற்குப் பெயர் 'பாடு'. வாய்க்கால் தண்ணீருக்கு நாம் முறை வைப்பதுபோலத்தான்.

பறவை பார்க்க ஜனவரி, பிப்ரவரி தோதான மாதங்கள். விடியற்காலையில் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் தண்ணீர் கண்ணைக் கூசும், பறவைகளும் தூரம் போய்விடும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலைச்சேரிக் கரை கிட்டே. ஆழமில்லாத நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டித் தின்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமே தின்கிற பாசியிலும் சின்னஞ்சிறு கூனியிலும் இருந்து வருவதுதான். கூழைக்கடா, உள்ளான் வகைகளும் நிறைய.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலின் இருபக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் மிரளும். 1613-ல் அவர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை, இப்போது புதர் மூடிய மேடும் அகழியுமாகக் கிடக்கிறது. இங்கிருந்து துணி போனது என்று எல்லோரும் சொல்வார்கள். பாலையக்காட் லுங்கி என்ற பெயரே இந்த ஊரிலிருந்து வந்ததுதான். அதிகம் சொல்லாத ஒன்றும் உண்டு. 17-ம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த வருடங்களில், சோற்றுக்கு வழியில்லாத குடியானவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டு, இதே கரையிலிருந்து பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கல்லறையில் கம்பெனிக்காரர்களின் பெயர்கள் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கப்பலேறிப் போனவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

அடுத்தது, படகு. கரையில் இறங்கியதுமே "போட்ல போலாமா சார்?" என்று யாராவது கேட்கக்கூடும். ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான், அதைப் பார்த்து தைரியம் வந்துவிடும். முகத்துவாரம் அப்படியில்லை. நீர் வற்றும் நேரத்தில் ஏரித் தண்ணீர் அந்த வாய் வழியாகக் கடலுக்கு வேகமாக இழுக்கும். திறந்த மதகுக்கு முன்னால் நீந்த எந்த விவசாயியாவது பிள்ளையை விடுவாரா? 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசமாகப் படகில் போனவர்கள் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்புச் சட்டை இல்லை. அதன்பிறகு மீன்பிடிப் படகுகளில் சுற்றுலா வருபவர்களை ஏற்றக்கூடாது என்று தடை வந்தது. கூப்பிடுகிறவர் நல்லவராகவே இருக்கலாம், அவருக்கு அது ஒருநாள் கூலி. இருந்தாலும் அனுமதியும் ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டையும் இல்லாத படகில் ஏறவே வேண்டாம். கரையில் நின்றாலே பறவை தெரியும்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளாக இருந்தால் இந்தக் கரையிலிருந்தே பார்க்கலாம். அன்றைக்கு மீனவர்கள் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு இருக்கும். மீன் வரத்து குறைவு, விலை ஏறியிருக்கும். மற்ற நாட்களில் காலையில் கரைக்கு வரும் இறாலும் சேற்று நண்டும் வாங்கலாம். நண்டு உயிரோடு, கால் கட்டியபடி கிடைத்தால் மட்டும் எடுங்கள். மீனுக்கு ஐஸ் போட ஒரு மூடிபோட்ட டப்பாவை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. பனை ஓலையில் பெண்கள் முடையும் கூடைகளும் அங்கே கிடைக்கும். ஓலைப் பெட்டி விதை போட்டு வைக்கவும் உதவும்.