80 வயதில் ஏறத் தொடங்கிய 282 மலைகள்

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் உயரம் கொண்ட மலைகளை 'மன்ரோ' என்பார்கள். மொத்தம் 282. இவற்றை 1891-ல் பட்டியல் போட்டவர் சர் ஹியூ மன்ரோ. வேடிக்கை என்னவென்றால், தன் பட்டியலில் இருந்த அத்தனை மலைகளையும் அவராலேயே ஏறி முடிக்க முடியவில்லை!

நிக் கார்ட்னர் அதற்குக் கிளம்பியபோது அவருக்கு வயது 80. வடமேற்குக் கடலோரத்தில் உள்ள கேர்லாக் ஊர்க்காரர். அவர் மனைவிக்கு அல்சைமர் என்ற மறதிநோய். போதாததற்கு, எலும்பு வலுவிழக்கும் ஆஸ்டியோபொரோசிஸும் சேர்ந்துகொண்டது. ஒரு கட்டத்தில் அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

நோயாளியைக் கவனித்துக்கொண்டே இருந்தவர்களுக்குத் தெரியும், அந்த வேலை திடீரென்று நின்றுபோனால் வீடு எப்படி இருக்கும் என்று. ஓய்வு கிடைத்ததே என்று யாருக்கும் தோன்றாது. நிக்கும் தளர்ந்துபோனார். சும்மா உட்கார்ந்தால் தேறமாட்டோம் என்று புரிந்ததும், 2020 ஜூலையில் மலையேறக் கிளம்பினார். மனைவியின் இரண்டு நோய்களுக்காகவும் பாடுபடும் இரண்டு அமைப்புகளுக்கு நிதி திரட்டுவதாக அறிவித்தார். ஆராய்ச்சி, நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஆறுதல் என அவை செய்கிற வேலைகளுக்கு அந்தப் பணம் போகும்.

282 மலைகளையும் நடந்தே ஏறிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஸ்கை தீவில் 'இன்அக்ஸஸிபிள் பினக்கிள்' என்று ஒன்று இருக்கிறது. 'எட்ட முடியாத சிகரம்' என்று அர்த்தம். கத்தியை நிறுத்திவைத்த மாதிரிப் பாறை. கயிறு கட்டித்தான் ஏறி இறங்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கணக்கு 281-தான். மற்ற மலைகளிலும் மழை, மூடுபனி, முழங்கால் வரை சேறு எல்லாம் சகஜம்.

ஒரு மருந்து ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் கைக்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆகும். நிக் திரட்டிய பணத்தால் அவர் மனைவிக்கு ஞாபகம் திரும்பப்போவதில்லை. பலன் கிடைத்தால் அது வேறு யாருடைய மனைவிக்கோ, அம்மாவுக்கோதான். அது தெரிந்தும் மழையில் நனைந்து ஏறினாரே, அதுதான் பெரிய விஷயம்.

2022 ஆகஸ்ட் 13. கடைசி மலை கேர்ன்கார்ம், 1,245 மீட்டர். உச்சியில் அவரை வரவேற்க ஒரு கூட்டமே அணிவகுத்துக் காத்திருந்தது. அவருக்கு வயது 82 ஆகியிருந்தது.