கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய ஆல்பங்கள்

வாசிப்பு வட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் இளம் தோழர்கள் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்கு எந்தக் காலத்துப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்?" இளையராஜாவின் எண்பதுகள் என்றோ ரஹ்மானின் தொண்ணூறுகள் என்றோ பதில் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். அவையும் பிடிக்கும்தான். ஆனால் ஒரே ஒரு சிறிய காலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், நாங்கள் சொல்வது 1971 முதல் 1973 வரையிலான மூன்று ஆண்டுகள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை.

ஏன் அந்த மூன்று ஆண்டுகள் என்பதைச் சொல்ல, எங்களுக்கு நேர்ந்த ஓர் அவமானத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லூரியில் படித்தபோது ஹாஸ்டலில் நாங்கள் ஐந்து பேர் பறைக் குழு வைத்திருந்தோம். ஒருநாள் ஆவணப்படம் எடுக்கிறோம் என்று சிலர் வந்தார்கள். மதியம் தொடங்கி இருட்டும் வரை அடித்தோம். பறையைக் காய்ச்சுவதற்கான வைக்கோல்கூட எங்கள் செலவுதான். சம்பளம் கேட்கவில்லை. நம்மைப் பற்றிய படம், நம் இசை உலகத்துக்குப் போகிறது என்ற மகிழ்ச்சி. கிளம்பும்போது ஒரு தாளை நீட்டினார்கள். ஜீப்பின் பானட்டில் வைத்து ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். யாரும் படிக்கவில்லை.

படம் வந்தது. எங்கள் அடி முழுவதும் இருந்தது. கடைசியில் 'நன்றி: கிராமியக் கலைஞர்கள்' என்று ஒரு வரி ஓடியது. இசை என்ற இடத்தில் வேறொருவர் பெயர். போன் செய்து கேட்டோம். "தம்பி, நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார் அவர். அந்தத் தாளின்படி எங்கள் இசை எங்களுடையது அல்ல.

சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு சீனியர் அண்ணனிடம் போய்ப் புலம்பினோம். அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு பென்டிரைவைக் கொடுத்து, "முதல்ல இதைக் கேளுங்க. அப்புறம் அந்தப் பேப்பரை எடுத்துட்டு வாங்க" என்றார். அதில் அந்த மூன்று ஆண்டுகளின் ஆல்பங்கள் இருந்தன.

முதலில் கேட்டது மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. மே 1971இல் வெளியானது. எங்கள் ஆங்கிலம் அப்போது தேர்வுக்கான ஆங்கிலம். வரிகள் புரியவில்லை, ஆனால் ஒரு பாட்டு முடியாமலே அடுத்த பாட்டுக்குள் போவது புரிந்தது. ஒன்பது பாடல்களும் ஒரே மூச்சு. பிறகு அகராதி வைத்துக்கொண்டு கேட்டோம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒருவன் தன் ஊரைப் பார்க்கிறான். போலீஸ் அடி, வேலையில்லாத் திண்டாட்டம், போதை, நச்சாகிவிட்ட காற்றும் கடலும். மார்வினின் தம்பியே வியட்நாமில் இருந்தவர்தான்.

இந்த ஆல்பம் எளிதாக வந்துவிடவில்லை. டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனம் பெர்ரி கோர்டி என்ற கறுப்பினத்தவர் 1959இல் தொடங்கியது. கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். அந்த உற்பத்தி முறையிலேயே பாட்டையும் தயாரித்தார். எந்தப் பாட்டு வெளியே போகலாம் என்பதை வாரக் கூட்டத்தில் நிர்வாகம் முடிவு செய்யும். மார்வினின் தலைப்புப் பாடலை வெளியிட கோர்டிக்கு விருப்பமில்லை. அது வெளிவரும் வரை வேறு எதையும் பாட மாட்டேன் என்று மார்வின் நின்றார். ஒருவர் நடத்திய வேலைநிறுத்தம் என்றே அதைச் சொல்லலாம். ஜனவரி 1971இல் பாட்டு வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அதன்பிறகுதான் முழு ஆல்பத்துக்கும் வழி பிறந்தது.

எங்களை உலுக்கியது இன்னொரு தகவல். மோட்டவுனின் வெற்றிப் பாடல்களுக்கெல்லாம் பின்னால் வாசித்தவர்கள் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்ற ஸ்டுடியோ கலைஞர்கள். பல ஆண்டுகளாக எந்த இசைத்தட்டின் உறையிலும் அவர்கள் பெயர் இல்லை. முதல்முறையாக அவர்கள் பெயர் அச்சானது 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையில்தான். பேஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரை அப்படித்தான் உலகம் படித்தது. 'கிராமியக் கலைஞர்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைக்கப்பட்ட எங்கள் ஐந்து பேருக்கும் அதைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

அடுத்து ஸ்டீவி வொண்டர். பிறந்த சில நாட்களிலேயே பார்வையிழந்தவர், 11 வயதில் மோட்டவுனில் சேர்க்கப்பட்டவர். மே 1971இல் அவருக்கு 21 வயது ஆனதும், சிறுவனாக இருந்தபோது போடப்பட்ட ஒப்பந்தம் முடிந்தது. உடனே அவர் புதுப்பிக்கவில்லை. தன் பணத்தில் ஸ்டுடியோ எடுத்து, ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் சின்தசைசரில் தனக்குப் பிடித்த இசையைப் பதிவு செய்தார். ஒரு வழக்கறிஞரை வைத்துப் பேசினார். என்ன பாடுவது, எப்படிப் பதிவு செய்வது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை, கூடுதல் ராயல்டி, தன் பாடல்களின் பதிப்புரிமையில் பங்கு ஆகியவற்றைப் பெற்ற பிறகே மோட்டவுனுக்குத் திரும்பினார்.

அந்த ஒப்பந்தத்தின் பலன் என்ன? 1972இல் 'மியூசிக் ஆஃப் மை மைண்ட்', அதே ஆண்டு 'டாக்கிங் புக்', ஆகஸ்ட் 1973இல் 'இன்னர்விஷன்ஸ்'. மூடநம்பிக்கையைச் சாடும் 'சூப்பர்ஸ்டிஷன்' 1973 ஜனவரியில் அமெரிக்காவின் முதலிடப் பாடலானது. 'டாக்கிங் புக்' உறையில் பிரெய்ல் எழுத்துகளை இடம்பெறச் செய்தார். 'இன்னர்விஷன்ஸ்' ஆல்பத்தில் 'லிவிங் ஃபார் தி சிட்டி' என்ற பாட்டைக் கேளுங்கள். மிசிசிப்பியில் கடுமையாக உழைக்கும் ஏழைக் குடும்பம். அங்கிருந்து நியூயார்க் வந்து இறங்கும் இளைஞன், பஸ்ஸைவிட்டு இறங்கிய சில நிமிடங்களிலேயே செய்யாத குற்றத்துக்குக் கைதாகிறான். பத்தாண்டு தண்டனை. எல்லாக் கருவிகளையும் ஸ்டீவியே வாசித்தார். வானொலிக்காக வந்த சுருக்கப் பதிப்பில் அந்தக் கைதுக் காட்சியை வெட்டிவிட்டார்கள். ஆல்பத்தில்தான் முழுக் கதை இருக்கிறது. பாட்டைத் தனியாகக் கேட்காமல் ஆல்பமாகக் கேளுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் காரணம்.

சிகாகோவின் கர்டிஸ் மேஃபீல்ட் இன்னும் ஒரு படி மேலே போனவர். அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர், 1968இலேயே 'கர்டம்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். 1972இல் 'சூப்பர் ஃப்ளை' படத்துக்கு இசையமைத்தார். ஹார்லெமின் கோக்கைன் வியாபாரி ஒருவனை நாயகனாக்கிய படம். திரை அவனுடைய கோட்டையும் காரையும் காட்டுகிறது. கர்டிஸின் பாடல்கள் அந்த வியாபாரத்தில் செத்துப்போகிறவனுக்காக வருந்துகின்றன. 'ஃப்ரெடிஸ் டெட்' பாட்டின் இசை மட்டுமே படத்தில் வரும். சொற்களைக் கேட்க ஆல்பத்துக்குத்தான் வர வேண்டும். படத்துக்குள் இருந்துகொண்டே படத்தை விமர்சிக்க முடியும் என்று எங்களுக்குக் காட்டியவர் அவர்.

அரேதா ஃபிராங்க்ளின் வேறு வழியில் போனார். அவர் புகழின் உச்சியில் இருந்த நேரம். 1972 ஜனவரியில் இரண்டு இரவுகள், லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின மக்களின் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில், பாடகர் குழுவோடும் சபையாரோடும் சேர்ந்து பக்திப் பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார். 'அமேசிங் கிரேஸ்' என்ற அந்த ஆல்பம்தான் அவருடைய ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது. எங்களில் சிலருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அதை நிறுத்த மனம் வராது. சபையார் குரல் கொடுக்க, அவர் இன்னும் மேலே போவார். எங்கள் தெருவில் பறையடிப்பவரும் சுற்றி நிற்பவர்களும் ஒருவரையொருவர் ஏற்றிவிடுவது அப்படித்தான்.

இப்போது ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் கதை. எங்கள் ஜீப் பானட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ், ஓடிஸ் ரெடிங் போன்றவர்களை உலகுக்குத் தந்தது. அதன் தட்டுகளை விநியோகித்தது அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனம். அட்லாண்டிக் கைமாறியபோதுதான் ஸ்டாக்ஸ் உரிமையாளர் ஜிம் ஸ்டூவர்ட் ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தை அறிந்தார். அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் தட்டுகளின் மூலப் பதிவுகள் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம். அவர் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். 1968இல் ஸ்டாக்ஸ் வெறுங்கையோடு நின்றது. அண்ணன் இதைச் சொன்னபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆல் பெல் என்ற கறுப்பினத்தவரின் தலைமையில் ஸ்டாக்ஸ் மறுபடி எழுந்தது. ஐசக் ஹேயஸின் 'ஷாஃப்ட்' 1971இல் வந்தது. அதன் தலைப்புப் பாடல் அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸில் வாட்ஸ் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்து ஏழாண்டு ஆனதை நினைவுகூர, 1972 ஆகஸ்ட் 20 அன்று ஸ்டாக்ஸ் 'வாட்ஸ்டாக்ஸ்' இசை விழாவை நடத்தியது. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் கறுப்பின மக்கள், ஒரே மைதானத்தில். அதே ஆண்டு, அதே வேகத்தில், பம்பாயில் நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் ஜே.வி. பவாரும் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தங்களுக்கும் எடுத்துக்கொண்டு தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கினார்கள். இந்த மூன்று ஆண்டுகள் நமக்கும் உறவு என்று நாங்கள் சொல்வது வெறும் உணர்ச்சியில் அல்ல.

பிறகு ஏன் அது நீடிக்கவில்லை? நல்ல பாட்டு அதன்பிறகும் வந்தது. ஆனால் கையில் வந்த அதிகாரம் பலரிடம் தங்கவில்லை. விற்பனைக்காகப் பெரிய நிறுவனத்தைச் சார்ந்த ஸ்டாக்ஸ், கடனில் மூழ்கி 1975 இறுதியில் திவாலானது. ஐசக் ஹேயஸும் 1976இல் திவாலாகி, தான் எழுதிய பாடல்களிலிருந்து வர வேண்டிய ராயல்டியை இழந்தார். ஆஸ்கர் வீட்டில் இருந்தது, பாட்டின் வருமானம் வேறொருவருக்குப் போனது. புகழ் வேறு, உரிமை வேறு.

கறுப்பின மக்களின் வலியும் நம் வலியும் ஒன்றேதான் என்று நாங்கள் சொல்லவில்லை. சாதி இயங்கும் விதம் வேறு. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் கலையை ரசிப்பவர்கள், அந்தக் கலைஞரின் பெயரையும் கூலியையும் உரிமையையும் எப்படிச் சத்தமில்லாமல் கழற்றி எடுக்கிறார்கள் என்பதில் இரண்டு நாடுகளுக்கும் ஒற்றுமை உண்டு. நம் கோபத்தைப் பாட்டில் கேட்க எல்லோருக்கும் பிடிக்கிறது. அந்தப் பாட்டு யாருடையது என்று கேட்டால்தான் முகம் மாறுகிறது.

அந்த ஆவணப்படத்தில் எங்கள் பெயர் இன்றுவரை வரவில்லை. அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அண்ணன் படித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனால் அதன்பிறகு எங்கள் குழு எங்கே வாசித்தாலும் மூன்று விஷயங்களைக் கேட்காமல் பறையைக் காய்ச்சுவதில்லை. பெயர் எப்படிப் போடுவீர்கள்? பதிவு யாருக்குச் சொந்தம்? பணம் வந்தால் பங்கு என்ன? சில அழைப்புகள் இதனால் நின்றுபோயின. போகட்டும்.

தோழர்களே, இந்த வாரம் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தை முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை நிறுத்தாமல் கேளுங்கள். 35 நிமிடங்கள்தான். பிறகு அதில் வாசித்தவர்களின் பெயர்களைத் தேடிப் படியுங்கள். நாளை யாராவது வந்து, "பிரமாதமா வாசிக்கிறீங்க தம்பி" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினால், அவரை நிற்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.